ஓடுபாதை மூடிய மாதங்கள்

2020 மார்ச் 23 அன்று இரவு பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். அதே நாளில்தான் நைஜீரிய அரசு லாகோஸ், அபுஜா விமான நிலையங்களை வெளிநாட்டு விமானங்களுக்கு மூடியது. ஆக, லண்டனில் வசித்த ஒரு நைஜீரியர்மேல் ஒரே நாளில் இரண்டு பூட்டுகள் விழுந்தன. முதல் பூட்டு தெருவுக்கே பொதுவானது. பக்கத்து வீட்டு ஆங்கிலேயரும் அதற்குள்தான் இருந்தார். இரண்டாவது பூட்டு அவரைப் போன்றவர்களுக்கு மட்டும். ஊரடங்கு பற்றி உலகெங்கும் எழுதப்பட்டதில் பெரும்பகுதி முதல் பூட்டைப் பற்றியது: ஜன்னல், பால்கனி, வீட்டில் ரொட்டி சுடுவது, தனிமை. வெளிநாட்டில் வாழும் நைஜீரியர்கள் அந்தக் காலத்தில் எழுதியவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அறையைப் பற்றி எழுதத் தொடங்கியவர்கள் ஓடுபாதையைப் பற்றி எழுதி முடித்திருக்கிறார்கள்.

வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் மறுபடி லாகோஸில் இறங்கத் தொடங்கியது செப்டம்பர் 5 அன்று. ஏறக்குறைய ஐந்தரை மாதம். இடையில், மே மாதம் முதல், அரசு ஏற்பாடு செய்த மீட்பு விமானங்கள் வந்தன. முதலாவது துபாயிலிருந்து, அடுத்த சில நாள்களில் லண்டனிலிருந்து. டிக்கெட்டுக்குப் பயணிகளே பணம் கட்டினார்கள். இறங்கியதும் இரண்டு வாரம் தனிமைப்படுத்தப்பட்டார்கள். ஊரில் ஒரு சாவு என்றால் இப்படி ஏறிப் போய்விடலாம்தான். ஆனால் திரும்பி வேலைக்கு எப்போது வந்து சேர முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. மாதச் சம்பளத்தை நம்பி வாழ்கிறவருக்கு அது போகாமல் இருப்பதற்குச் சமம்.

ஓடுபாதைக்கு ஏன் இத்தனை கனம் என்பதைப் புரிந்துகொள்ள நைஜீரியக் குடியேற்றத்தின் குணத்தைப் பார்க்க வேண்டும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வசித்தவர்களில் நைஜீரியாவில் பிறந்தவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர். அமெரிக்காவில் ஹூஸ்டன், மேரிலாந்து, நியூயார்க் என்று இன்னும் பெரிய கூட்டம். இவர்களில் பெரும்பாலானோர் அகதிகளாக வெளியேறியவர்கள் அல்லர். படிப்புக்கும் வேலைக்கும் போனவர்கள், போகும்போதே திரும்பி வருவதைக் கணக்கில் வைத்துப் போனவர்கள். கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்து சேர்வது இக்போ மக்களிடையே கிட்டத்தட்ட ஒரு கடமை. பூர்வீகக் கிராமத்தில் வீடு கட்டாதவர் எத்தனை பெரிய மருத்துவராக இருந்தாலும் உறவினர் மத்தியில் பேச்சுக்கு ஆளாவார். இறந்தால் அந்த வளாகத்திலேயே புதைக்கப்பட வேண்டும். தகப்பனைப் புதைக்க மூத்த மகன் நேரில் நிற்க வேண்டும். கல்யாணம், சாவு, பண்டிகை ஆகிய மூன்றுக்கும் பறந்து போய்விடலாம் என்ற உறுதியின்மேல்தான் அந்த வெளிநாட்டு வாழ்க்கையே எழும்பியிருந்தது. முந்தைய தலைமுறை நைஜீரிய எழுத்தாளர்களுக்கு நாடுகடந்து வாழ்வது ராணுவ ஆட்சி கொடுத்த தண்டனை. 1999-இல் அந்த ஆட்சி முடிந்த பிறகு வளர்ந்த தலைமுறைக்கு அது வெறும் விமான டிக்கெட் விலை. 2020-இல் அந்த விலைப்பட்டியலே காணாமல் போனது.

முதலில் நடந்தது ஒரு தலைகீழ் மாற்றம். சாதாரண நாள்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் ஊரிலிருக்கும் பெற்றோரை நினைத்துக் கவலைப்படுவார்கள்: மோசமான சாலைகள், மருந்தில்லாத மருத்துவமனைகள், ஆள்கடத்தல். ஏப்ரலில் இபாதானிலும் எனுகுவிலும் இருந்த அம்மாக்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போன் செய்து பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஏப்ரல் 12 அன்று பிரிட்டனில் மருத்துவமனைச் சாவுகள் 10,000-ஐத் தாண்டின. நைஜீரியாவின் அரசுக் கணக்கு அப்போது பத்தை ஒட்டியே நின்றது. ஜூலை முடிவில்கூட அங்கே கணக்கு 900-ஐத் தொடவில்லை, பிரிட்டனில் 40,000-க்கு மேல். நைஜீரியக் கணக்கை அப்படியே நம்பிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கானோ நகரில் ஏப்ரலில் கல்லறைத் தோட்டங்கள் திடீரென்று நிரம்பின. அங்கே பதிவான 979 சாவுகளில் பாதிக்கு மேல் கொரோனா தொடர்புடையவையாக இருக்கலாம் என்று சுகாதார அமைச்சரே ஜூனில் ஒப்புக்கொண்டார். ஊரடங்கே உயிரையும் குடித்தது. ஏப்ரல் நடுவில் நைஜீரியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் வெளியிட்ட கணக்கில், ஊரடங்கை அமலாக்கிய காவல், ராணுவப் படைகளால் கொல்லப்பட்டவர்கள் 18 பேர். வைரஸால் அதுவரை இறந்தவர்கள் 12 பேர். தொலைவிலிருந்து படிக்கும் மகனுக்கு இந்த இரண்டு எண்களில் எது பயம், எது ஆறுதல் என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

தற்செயலான ஒரு வசதி: பிரிட்டனின் கோடைக்கால நேரமும் லாகோஸ் நேரமும் ஒன்றே. மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியதும் இரண்டு ஊரின் கடிகாரங்களும் ஒத்துப்போயின. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு ஐந்து மணி நேர இடைவெளி இருந்தது. ஆகவே குடும்ப ஜூம் அழைப்புகள் ஞாயிறு பிற்பகலுக்கு நகர்ந்தன. லாகோஸில் தேவாலயத்தின் இணைய ஆராதனை முடிந்து, மேரிலாந்தில் காலை உணவு முடிந்த நேரம். ஊர்ப்பக்கம் மின்சாரம் போனால் ஒரு சதுரம் கறுத்துவிடும். ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் முகம் திரும்ப வரும்.

இந்தக் காலத்தில் வெளிநாட்டு நைஜீரியர்கள் என்ன படித்தார்கள்? இலக்கியக் கட்டுரை என்பதால் நாவல் பெயர்களைச் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் உண்மையான பதில் வாட்ஸ்அப். குடும்பக் குழு, பள்ளித் தோழர் குழு, கிராமச் சங்கக் குழு, சபைக் குழு என்று ஒவ்வொன்றிலும் நாள் முழுக்க வந்து விழுந்த செய்திகள். அமெரிக்க அதிபர் டிரம்ப் புகழ்ந்து பேசியதைத் தொடர்ந்து லாகோஸில் மக்கள் குளோரோகுயின் மாத்திரையை அளவில்லாமல் விழுங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். நைஜீரியாவில் அது பழகிய மலேரியா மருந்து என்பதால் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். கண்டம் கடந்து பரவிய வதந்திகளில் இன்னொன்று 5ஜி. லாகோஸ் போதகர் கிறிஸ் ஓயாகிலோமேயின் சபை சார்ந்த லவ்வேர்ல்ட் தொலைக்காட்சி கொரோனாவையும் 5ஜியையும் இணைத்து ஒளிபரப்பியதற்காக, பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2020 மே மாதம் நடவடிக்கை எடுத்தது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்துக்கு 1,25,000 பவுண்டு அபராதம் விதித்தது. மருந்தும் வதந்தியும் பிரார்த்தனையும் இரங்கல் அறிவிப்பும் ஒரே திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதுதான் அந்தக் கால வாசிப்பின் உண்மையான வடிவம். அதன் சாயல் பின்னால் வந்த நல்ல எழுத்திலும் படிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்: குறுகிய பகுதிகள், திடீர்த் தாவல்கள், நடுவில் அறுந்து போகும் வாக்கியம்.

அந்த எழுத்தில் முதல் இடம் சிமமாண்டா ங்கோசி அடிச்சியின் ‘நோட்ஸ் ஆன் கிரீஃப்’ நூலுக்கு. அவருடைய தந்தை ஜேம்ஸ் ந்வோயே அடிச்சி நைஜீரியாவின் முதல் புள்ளியியல் பேராசிரியர். ந்சுக்கா பல்கலைக்கழகத்தில் வாழ்நாளைக் கழித்து, ஓய்வுக்குப்பின் அனம்பிரா மாநிலத்தில் தன் பூர்வீக ஊரான அப்பாவில் வாழ்ந்தவர். (ஊரின் பெயரே அப்பாதான். தமிழில் எழுதும்போது இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க வழியில்லை.) 2020 ஜூன் 10 அன்று, 88 வயதில் அவர் இறந்தார். காரணம் கொரோனா அல்ல, சிறுநீரகச் செயலிழப்பு. மகள் அமெரிக்காவில் இருந்தார். உடன்பிறந்தவர்கள் லாகோஸ், இங்கிலாந்து, அமெரிக்கா என்று சிதறியிருந்தார்கள். ஞாயிறுதோறும் குடும்பம் ஜூமில் கூடும். தந்தைக்குப் போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. திரையில் எப்போதும் அவருடைய நெற்றிதான் தெரியும். ஜூன் 7 அன்றும் அப்படித்தான். மூன்று நாள் கழித்து ஒரு சகோதரர் தன் போனை இறந்த தந்தையின் முகத்துக்கு மேல் பிடிக்க, மற்றவர்கள் பல நாடுகளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தார்கள். உயிரோடு இருந்தவரை நெற்றி மட்டும் காட்டிய அந்தத் திரையில் அன்று முழு முகமும் நேராகத் தெரிந்தது.

‘நோட்ஸ் ஆன் கிரீஃப்’ முதலில் ஒரு கட்டுரையாக 2020 செப்டம்பர் 10 அன்று ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தது. 2021 மே மாதம் சிறு நூலானது. இதைத் துயரம் பற்றிய நூல் என்றே எல்லோரும் படித்தார்கள். நான் அதை ஒரு கால அட்டவணையாகவும் படிக்கிறேன். இறுதிச் சடங்கு நாளைக் குறிக்க வேண்டும்; ஆனால் விமான நிலையம் எப்போது திறக்கும் என்று தெரியாமல் நாளைக் குறிக்க முடியாது. நாள் தள்ளிப்போகிறது. இக்போ ஊர்களில் அடக்கம் என்பது குழி தோண்டுவது மட்டுமல்ல. இறந்தவரும் குடும்பமும் கிராமத்துக்கும் சபைக்கும் தரவேண்டிய வரி, சந்தா எல்லாம் பாக்கியில்லாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஊர் வராது. உமுன்னா எனப்படும் தந்தைவழிப் பங்காளிகள் கூடிப் பேச வேண்டும். ஒரு பேராசிரியரின் மகள், உலகம் அறிந்த நாவலாசிரியர், கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு இந்த ரசீதுகளைப் பற்றிப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார். சடங்குகளின்மேல் அவருக்கு எரிச்சல். சடங்கு நடக்காமல் காத்திருப்பதிலும் எரிச்சல். சாதாரணமாக இந்த இரண்டு எரிச்சலும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்காது. ஊரில் இருப்பவருக்குச் சடங்கு தானாக நடந்து கொண்டிருக்கும். வெளியே நிரந்தரமாகப் போனவருக்கு அது நினைவாகிவிட்டிருக்கும். அடிச்சி நடுவில் மாட்டிக்கொண்டார். அடக்கம் கடைசியில் அக்டோபரில்தான் நடந்தது.

தந்தை இறந்த செய்தியைக் கேட்டதும் அடிச்சி தரையில் விழுந்து அடித்துக்கொண்டதையும், நான்கு வயது மகள் அதைப் பின்னால் நடித்துக் காட்டியதையும் அந்த நூல் பதிவு செய்கிறது. இந்த இடத்தில் ஊரடங்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. ஊரில் சாவு விழுந்தால் வீடு நிரம்பும், கூட அழ ஆள் வரும், அழுகைக்கென்று ஒரு முறை இருக்கும். அமெரிக்கப் புறநகர் வீட்டில், யாரும் வரக் கூடாத மாதத்தில், அதைப் பார்த்து நின்றது ஒரு குழந்தை. நூலில் இரங்கல் வார்த்தைகள்மேல் வரும் கோபம் சிலருக்கு மேட்டிமையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வார்த்தை மட்டுமே வந்து, ஆள் வராமல் இருந்ததுதான் பிரச்சினை.

அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான அக்வேகே எமேசியின் ‘த டெத் ஆஃப் விவேக் ஓஜி’ நாவலை இதன் பக்கத்தில் வைக்கலாம். ஊரடங்குக்கு முன்பே எழுதி முடித்தது, ஊரடங்கில் படிக்கப்பட்டது. எமேசி உமுவாஹியாவில் பிறந்து அபா நகரில் வளர்ந்தவர், அமெரிக்காவில் வாழ்பவர். தந்தை இக்போ, தாய் மலேசியத் தமிழர். நாவலில் மகனின் உடல் துணியில் சுற்றப்பட்டு வீட்டு வாசலில் கிடக்கிறது. அவன் எப்படி இறந்தான் என்று கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகும் தாய் கவிதா ஓர் இந்தியப் பெண். நைஜீரியர்களைக் கல்யாணம் செய்துகொண்ட வெளிநாட்டுப் பெண்களின் வட்டம் ஒன்று அந்த நாவலில் வருகிறது. இடம்பெயர்தல் நைஜீரியாவிலிருந்து வெளியே மட்டும் நடப்பதில்லை என்பதை நினைவூட்டும் வட்டம் அது. உடலைப் பார்த்தும் சாவைப் புரிந்துகொள்ள முடியாத ஒரு தாயின் கதை, உடலைப் பார்க்கவே முடியாத ஆண்டில் கடைக்கு வந்தது. அதை எமேசி திட்டமிட்டிருக்க முடியாது.

டேஜு கோல் வேறு திசையில் போனார். மிச்சிகனில் பிறந்து, லாகோஸில் வளர்ந்து, ஹார்வர்டில் கற்பிப்பவர். 2020 நவம்பர் அதிபர் தேர்தலுக்கு முந்தைய ஐந்து வாரங்களில், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இருக்கும் தன் வீட்டுச் சமையல் மேடையைப் படம் எடுத்தார். எதையும் அழகாக அடுக்கி வைக்கவில்லை. அன்றன்று கிடந்த கரண்டி, தட்டு, பாத்திரம், எலுமிச்சை. படங்களை எடுத்த நேர வரிசையிலேயே அடுக்கி, இடையிடையே அதே கேம்பிரிட்ஜில் 18-ஆம் நூற்றாண்டில் யாரோ கையால் எழுதி வைத்த சமையல் குறிப்பேட்டின் பக்கங்களைச் சேர்த்து, ஒரு நீண்ட கட்டுரையோடு 2021-இல் ‘கோல்டன் ஆப்பிள் ஆஃப் த சன்’ என்று வெளியிட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது மேல்நடுத்தர வர்க்க ஊரடங்குக் கலையின் உச்சம்: சமையலறையைப் படம் எடுக்கும் பேராசிரியர். ஆனால் கட்டுரை போகும் இடம் பசி. நைஜீரிய விடுதிப் பள்ளியில் பட்ட பசி, நோன்பு, சர்க்கரைக்குப் பின்னால் இருக்கும் அடிமை வணிகம். அந்தப் பழைய குறிப்பேட்டில் சர்க்கரை சேர்க்கச் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கரீபியத் தோட்டங்களில் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். வெளியே போக முடியாத மனிதர், தான் நின்ற மேடைக்கு அடியில் தோண்டுகிறார். தோண்டத் தோண்ட தன் கண்டம் வருகிறது. அடிச்சி ஊருக்குப் போகும் நாளுக்காகக் காத்திருந்தார். கோல், போக வேண்டிய ஊர் இந்த அமெரிக்கச் சமையலறைக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்று காட்டினார். கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் புத்தகம்தான். இருந்தாலும், ஊரடங்கு எழுத்தில் வரலாற்றுக்குள் இவ்வளவு தூரம் போனது குறைவு.

அடிச்சியும் கோலும் துண்டுகளாக எழுதியபோது, முழு நாவலை முடித்தவர் ஊரில் இருந்தவர். வோலே சோயிங்கா வாழ்நாளெல்லாம் விமானத்தில் கழித்தவர். ஊரடங்கு அவரை அபேகூட்டா வீட்டில் மாதக்கணக்கில் உட்கார வைத்தது. அதற்குமுன் செனகலிலும் கானாவிலும் ஒதுங்கியிருந்து எழுதி வந்த நாவலை அவர் அங்கே முடித்தார். 86 வயதில் வந்த ‘கிரானிக்கிள்ஸ் ஃப்ரம் த லேண்ட் ஆஃப் த ஹேப்பியெஸ்ட் பீப்பிள் ஆன் எர்த்’, 1973-க்குப் பிறகு அவர் எழுதிய முதல் நாவல். அடைபட்டிருப்பது அவருக்குப் புதிதல்ல. உள்நாட்டுப் போர்க் காலத்தில் 1967 முதல் 1969 வரை சிறையில், பெரும்பகுதி தனிக் கொட்டடியில் இருந்தவர். புத்தக வரிகளுக்கு இடையே இருந்த வெள்ளையில் எழுதியவர். சிறையையும் ஊரடங்கையும் ஒன்றாக்கிப் பேசுவது அபத்தம். நான் சொல்ல வருவது அதுவல்ல. நாவலுக்குத் தேவைப்படுவது, போன் எந்த நேரமும் அடிக்கலாம் என்ற பயம் இல்லாத தொடர்ச்சியான நேரம். ஊரில் அடைபட்டவருக்கு அது கிடைத்தது. வெளியே அடைபட்டவருக்குக் கிடைக்கவில்லை.

வாசிப்பின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். வீட்டில் அடைபட்டிருந்த வெள்ளைச் சமூகம் திடீரென்று கறுப்பர்களின் புத்தகங்களைத் தேடியது. பிரிட்டனில் ஜூன் நடுவில், நைஜீரிய வம்சாவளியில் வந்த ரெனி எட்டோ-லாட்ஜ், நாட்டின் அதிகாரபூர்வ விற்பனைப் பட்டியலின் உச்சியைத் தொட்ட முதல் கறுப்பின பிரிட்டன் எழுத்தாளர் ஆனார். புத்தகம் 2017-இல் வந்தது. வெள்ளையர்களோடு இனவெறி பற்றி இனிப் பேசப் போவதில்லை என்பது அதன் தலைப்பு. அதே வாரம் பெர்னடின் எவரிஸ்டோ காகித அட்டைப் புனைவுப் பட்டியலில் முதலிடம் பெற்றார். அவருடைய தந்தை நைஜீரியாவிலிருந்து வந்தவர். ஒரு மரணத்தால் தன் புத்தகம் விற்பதில் எட்டோ-லாட்ஜுக்கு மகிழ்ச்சி இல்லை. அதை வெளிப்படையாகச் சொன்னவர், புத்தகத்துக்குக் கொடுக்கும் விலைக்கு ஈடான தொகையை மினசோட்டாவின் ஜாமீன் நிதிக்கும் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். கறுப்பு எழுத்தாளர்களின் ஆகச் சிறந்த விற்பனை மாதம் இப்படித்தான் வந்தது: மற்றவர்கள் பாடம் படிக்க உட்கார்ந்தபோது. அந்த மாதத்தில் நைஜீரியக் குடும்பங்கள் அந்தப் புத்தகங்களிலிருந்து புதிதாக என்ன தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது?

ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் தங்களுக்குள் படித்துக்கொள்ளவும் ஒரு வழி பிறந்தது. ஊரடங்கின் முதல் வாரத்திலேயே, மார்ச் இறுதியில், நைரோபியில் வாழ்ந்த எழுத்தாளர் ஜுகிஸ்வா வானர் ‘ஆஃப்ரோலிட் சான் ஃபிரான்டியேர்’ என்ற இணைய இலக்கிய விழாவைத் தொடங்கினார். எழுத்தாளர்கள் தங்கள் வீட்டிலிருந்தே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நேரலையில் படித்தார்கள், கேள்விக்குப் பதில் சொன்னார்கள். சாதாரண நாள்களில் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் சந்திக்க ஐரோப்பிய விழாக்களுக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு ஆப்பிரிக்க நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு விசா வாங்குவதைவிட அது சில சமயம் எளிது. விமானம் நின்றபோது விசாவும் தேவையற்றுப் போனது. வானருக்கு அந்த ஆண்டு கோத்தே பதக்கம் கிடைத்தது.

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் அறை உள்ளவர்கள். எழுத மேசையும் வேலையை வீட்டிலிருந்து செய்யும் வாய்ப்பும் உள்ளவர்கள். பிரிட்டனில் நைஜீரியர்கள் பலர் வேலை பார்த்த இடங்களில் அந்த வாய்ப்பு இல்லை: மருத்துவமனை, முதியோர் இல்லம், பேருந்து, துப்புரவு. முதல் அலையில் இறந்த மருத்துவர்களில் ஒருவர் ஆல்ஃபா சாடு. வயது 68. குவாரா மாநிலத்தின் பட்டெகி ஊர்க்காரர், அங்கே பாரம்பரியப் பட்டம் பெற்றவர், பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் சுமார் நாற்பது ஆண்டு பணியாற்றியவர். ஓய்வுக்குப் பிறகும் மருத்துவமனைக்குத் திரும்பி வந்து பணியாற்றியவர் மார்ச் 31 அன்று லண்டனில் இறந்தார். மே மாதம் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட ஆய்வு, வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால் கறுப்பினத்தவர் கொரோனாவில் இறக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட நான்கு மடங்குக்கு மேல் என்றது. வசிப்பிடம், வருமானம், உடல்நிலை போன்றவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த வியாழக்கிழமை மாலைகளில் நாடே வாசலில் நின்று சுகாதாரப் பணியாளர்களுக்குக் கைதட்டியது. கைதட்டப்பட்டவர்களில் விசாவில் இருந்தவர்கள், தாங்கள் பணிபுரியும் அதே சேவையைப் பயன்படுத்த ஆண்டுக்கு 400 பவுண்டு கூடுதல் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பு வலுத்து, மே 21 அன்றுதான் அவர்களுக்கு அதிலிருந்து விலக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால் விசாவில் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அரசின் நலத்திட்ட உதவித்தொகை கிடையாது என்ற நிபந்தனை நீடித்தது. வேலை போனால் அடுத்த மாத வாடகைக்கு சபையையோ கிராமச் சங்கத்தையோதான் கேட்க வேண்டும். அந்த நிபந்தனை உழைக்கும் குடும்பங்களை வறுமையில் தள்ளுவது சரியா என்று மே 27 அன்று நாடாளுமன்றக் குழு ஒன்றில் கேட்கப்பட்டபோது, அப்படியொரு நிலை இருப்பதே தெரியாதவர் போலத்தான் பிரதமர் பேசினார்.

குவாங்சோவில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. தெற்குச் சீனாவின் அந்த வணிக நகரத்தில் யுவேசியூ வட்டாரத்தில் துணி, செருப்பு, போன் மொத்தமாக வாங்கி அனுப்பும் நைஜீரியர்கள் பல ஆண்டுகளாகக் குடியிருந்தார்கள். 2020 ஏப்ரலில் சில நைஜீரியர்களுக்குத் தொற்று என்று தெரிந்ததும், தொற்றில்லாத ஆப்பிரிக்கர்களையும் வீட்டு உரிமையாளர்கள் வெளியேற்றினார்கள், விடுதிகள் ஏற்க மறுத்தன, ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் கறுப்பர்களுக்கு அனுமதியில்லை என்ற அறிவிப்பு தொங்கியது. மற்றவர்களுக்கு ஊரடங்கு என்றால் வீட்டுக்குள் இருப்பது. இவர்களுக்குத் தெருவில் இருப்பது. இரவில் நடைபாதையில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் எடுத்த போன் வீடியோக்கள் லாகோஸை எட்டின. நைஜீரிய நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் சீனத் தூதரை அழைத்து, கேமரா முன்பு அந்த வீடியோவைக் காட்டிக் கேள்வி கேட்டார். சீனாவின் ஆப்பிரிக்கர்களைப் பற்றி நூ சாரோ-விவா எழுதிய ‘பிளாக் கோஸ்ட்ஸ்’ 2023-இல் வந்தது. ஆனால் அவர் அங்கே பயணித்தது பெருந்தொற்றுக்கு முன்பு. ஆகவே அந்த ஏப்ரல் இரவுகளின் எழுத்து அந்த வீடியோக்களே. அவற்றை எடுத்தவர்கள் எழுத்தாளர்கள் அல்லர். அப்போது அவர்களைவிட நல்ல ஆவணக்காரர்கள் யாரும் இல்லை.

பணத்தின் கணக்கு ஒரு புதிர். 2019-இல் நைஜீரியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் சுமார் 2,380 கோடி டாலர். 2020-இல் அது சுமார் 1,720 கோடியாகக் குறைந்தது, அதாவது ஏறக்குறைய 28 சதவீத வீழ்ச்சி என்றது உலக வங்கி. நைஜீரியாவை விட்டுவிட்டுப் பார்த்தால் சகாராவுக்குத் தெற்கே உள்ள மற்ற நாடுகளுக்கு வந்த பணம் அந்த ஆண்டில் சற்றுக் கூடவே செய்தது. நைஜீரியர்கள் மட்டும் பெற்றோரை மறந்துவிட்டார்களா? அதிகாரபூர்வ மாற்று விகிதத்துக்கும் வெளிச்சந்தை விகிதத்துக்கும் இடையே பள்ளம் பெரிதானபோது, வங்கி வழியாக அனுப்புகிறவர் நஷ்டப்படுவார். பணம் தெரிந்தவர் கணக்கு வழியாகக் கைமாறத் தொடங்கியது. புள்ளிவிவரத்தின் கண்ணில் படாமல் போனது. நவம்பர் கடைசியில் மத்திய வங்கி விதியை மாற்றி, பெறுகிறவருக்கு டாலராகவே கொடுக்கலாம் என்றது அதனால்தான்.

அக்டோபரில் ஓடுபாதை திறந்திருந்தது, ஆனால் ஊரில் வேறொரு கொந்தளிப்பு தொடங்கியது. காவல்துறையின் சார்ஸ் எனும் கொள்ளைத் தடுப்புப் பிரிவின் கொடுமைகளுக்கு எதிராக இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். லண்டன், நியூயார்க், டொரன்டோ நகரங்களிலும் முகக்கவசத்தோடு நைஜீரியர்கள் கூடினார்கள். மாதக்கணக்கில் கூட்டமே கூடாதவர்கள் பலருக்கு அதுதான் முதல் கூட்டம். அக்டோபர் 20 இரவு லாகோஸின் லெக்கி சுங்கச்சாவடியில் ராணுவம் சுட்டது. டிஜே ஸ்விட்ச் என்ற இசைக்கலைஞர் அதை இன்ஸ்டாகிராமில் நேரலையாகக் காட்டினார். உலகின் பல மூலைகளில் இருந்த நைஜீரியர்கள் தூங்காமல் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து, லாகோஸின் பெரிய இலக்கிய விழாவான அக்கே, முற்றிலும் இணையத்தில் தொடங்கியது. ஜூனில் ஒரு குடும்பம் தந்தையின் முகத்தைத் திரையில் பார்த்தது போல, அக்டோபரில் ஒரு நாடு கடந்த சமூகம் தன் பிள்ளைகளைத் திரையில் பார்த்தது. அந்த இரவைப் பற்றி நைஜீரியர்கள் நிறையக் கவிதை எழுதினார்கள். பல அவசரமானவை. அவசரத்தைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஊரடங்கை உள்ளே வைத்து எழுதப்பட்ட பெரிய நாவல் வர ஐந்து ஆண்டு ஆனது. 2025 மார்ச்சில் வந்த அடிச்சியின் ‘டிரீம் கவுன்ட்’, ‘அமெரிக்கானா’வுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த அவருடைய நாவல். சியமாகா மேரிலாந்தில் தனி வீட்டில் அடைபட்டிருக்கிறாள். தொழில் பயணக் கட்டுரை எழுதுவது. அவளுக்கு இந்தத் தொழிலைக் கொடுத்ததில் அடிச்சியின் கிண்டல் தெரிகிறது. குடும்பம் திரையில் வருகிறது, போகிறது. மீதி நேரத்தில் தன் பழைய காதலர்களை ஒருவர் ஒருவராக நினைத்துப் பார்க்கிறாள். அவளைச் சுற்றி மூன்று பெண்கள்: வாஷிங்டன் வழக்கறிஞர் சிகோரா, நைஜீரியாவில் வங்கித் துறையில் செல்வாக்கோடு வாழும் ஒமெலோகோர், சியமாகாவின் வீட்டில் வேலை செய்யும் கடியாட்டு. விடுதி அறையைச் சுத்தம் செய்யப்போன இடத்தில் பாலியல் தாக்குதலுக்கு ஆளாகும் கடியாட்டுவின் கதை, 2011-இல் நியூயார்க்கில் விடுதிப் பணிப்பெண் நஃபிசாட்டு டியாலோ தொடுத்த வழக்கின் நிழலில் எழுதப்பட்டது.

நூலின் பின்குறிப்பில் அடிச்சி, இந்த நாவல் உண்மையில் தன் தாயைப் பற்றியது என்கிறார். தாய் கிரேஸ் இஃபெயோமா இறந்தது 2021 மார்ச் 1 அன்று, கணவரின் பிறந்த நாளில். விமானங்கள் அப்போது பறந்துகொண்டுதான் இருந்தன. ஓடுபாதைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இந்தக் கட்டுரை சொல்வதுபோல் தோன்றினால், இந்தத் தேதி அதைத் திருத்தட்டும்: தூரத்தை ஊரடங்கு உண்டாக்கவில்லை, கண்ணுக்குத் தெரிய வைத்தது. ‘நோட்ஸ் ஆன் கிரீஃப்’ அந்தச் சில மாதங்களின் நூல். ‘டிரீம் கவுன்ட்’ அதற்குப் பிறகும் போகாமல் தங்கியதன் நூல். எனக்கு முன்னது பெரிய படைப்பு. பின்னதில் சியமாகாவின் காதலர் வரிசை பாதியில் அலுக்கிறது, கடியாட்டுவின் பகுதி வந்ததும் நாவல் நிமிர்கிறது.

அங்கே ஒன்று உறுத்துகிறது. நாவலின் நைஜீரியப் பெண்கள் மூவரும் வசதியானவர்கள். கையால் உழைத்து, முதலாளியின் கட்டளைக்கும் காவல்துறையின் விசாரணைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் பெண் கினி நாட்டுக்காரி. இது அடிச்சியின் நேர்மை என்றும் சொல்லலாம். தனக்குத் தெரிந்த வர்க்கத்தைத் தன் நாட்டுக்குக் கொடுத்து, தெரியாததை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் 2020 ஏப்ரலில் லண்டன் முதியோர் இல்லங்களில் இரவுப் பணிக்குப் போனவர்களிலும், ஹூஸ்டன் மருத்துவமனைகளில் கவசம் போட்டுக்கொண்டு நின்றவர்களிலும், ஊரில் யாரோ இறந்த செய்தியை இடைவேளையில் படித்துவிட்டு மறுபடி வார்டுக்குள் போனவர்களிலும் நைஜீரியர்கள் ஏராளம். அவர்களுக்குச் சமையல் மேடையைப் படம் எடுக்க ஐந்து வாரம் கிடைக்கவில்லை. ஊரடங்கின் நைஜீரிய இலக்கியம் என்று இன்று நாம் அடுக்கி வைக்கும் அலமாரியில் அவர்கள் மற்றவர்களின் புத்தகங்களில் ஓரமாக வருகிறார்கள்: போன் எடுக்க முடியாத அக்காவாக, ஷிஃப்ட் முடிந்து ஜூமில் தாமதமாகச் சேர்ந்து, கேமராவைப் போடாமல் இருக்கும் ஒரு பெயராக.